ஹோலோகாஸ்ட் படங்களும் உரைகளும்: முதன்முறை போகிறவர்களுக்கு

1938 ஆகஸ்ட் மாதம். போலந்தில், வார்சாவுக்கு வடக்கே நஷெல்ஸ்க் என்று ஒரு சிற்றூர். சின்ன வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய்விட்ட டேவிட் கர்ட்ஸ், ஐரோப்பியச் சுற்றுலாவின் நடுவே தாம் பிறந்த அந்த ஊருக்கு வந்து நிற்கிறார். கையில் 16 எம்.எம். கேமரா. கேமராவைக் கண்டதும் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறார்கள். கேமரா திரும்பும் பக்கமெல்லாம் கூட்டமும் திரும்புகிறது. யூதத் தொழுகைக்கூடத்தின் கதவு வழியாக ஆட்கள் வெளியே வருகிறார்கள். ஒரு பகுதி வண்ணத்தில், மீதி கறுப்பு வெள்ளையில், மொத்தம் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

அந்த ஊரில் அப்போது சுமார் 3,000 யூதர்கள் இருந்தார்கள். போர் முடிந்தபோது உயிரோடு இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு.

அந்தப் படச்சுருளை 2009இல் ஃபுளோரிடாவில் பெற்றோர் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்தவர் டேவிட் கர்ட்ஸின் பேரன் கிளென் கர்ட்ஸ். அதை வைத்து பியாங்கா ஸ்டிக்டர் எடுத்த ஆவணப்படம் ‘த்ரீ மினிட்ஸ்: எ லெங்தெனிங்’. 69 நிமிடம் ஓடும் படம். அதில் அந்த மூன்று நிமிடக் காட்சிகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஓட்டுகிறார்கள், நிறுத்துகிறார்கள், பெரிதாக்குகிறார்கள், மறுபடி ஓட்டுகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனி ஐரோப்பிய யூதர்களைக் கொன்றொழித்த ஹோலோகாஸ்ட் வரலாற்றைப் படங்கள் வழியாகவும் பொது உரைகள் வழியாகவும் தெரிந்துகொள்ள வேண்டும், எங்கே தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான்.

காரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் இந்த வரலாற்றை முதலில் பார்ப்பது பிணக்குவியலாக. பெர்கன்-பெல்சன் முகாமில் புல்டோசர் தள்ளும் உடல்கள், எலும்பும் தோலுமாகக் கம்பிவேலிக்குப் பின்னால் நிற்கும் மனிதர்கள். அந்தப் படங்கள் உண்மை, அவசியமும்கூட. ஆனால் ஒரு மக்களை முதன்முதலில் பிணமாகவே சந்தித்துவிட்டால், அதற்கு முன் அவர்களுக்குக் கடையும் கல்யாணமும் சண்டையும் இருந்தது என்பது மனதில் ஏறுவதே இல்லை. நஷெல்ஸ்கில் ஒரு பொத்தான் தொழிற்சாலை இருந்தது. அந்தப் பிள்ளைகளின் சட்டைப் பொத்தான்களைப் படம் நின்று காட்டும்போது அது தெரியவருகிறது.

இன்னொரு காரணம், இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போகும் கேள்வி: கேமரா யார் கையில் இருந்தது? நஷெல்ஸ்கில் அது ஊர்க்காரர் கையில் இருந்தது. அதனால்தான் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்கள் பார்க்கப்போகும் மற்ற பழைய காட்சிகள் பலவற்றில் அது கொலைகாரர்கள் கையில் இருந்தது.

முதலில் சில சொற்கள், சில ஆண்டுகள்

ஒரு மாலை நேரம் போதும், இதை முடித்துவிடலாம். முடிக்காமல் உரைக்குப் போனால் பாதி புரியாது.

‘ஹோலோகாஸ்ட்’ கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். முழுவதுமாக எரித்துக் கொடுக்கும் பலி என்று பொருள். கொலை செய்யப்பட்டவர்களைப் பலி என்று சொல்வதா என்று யூதர்கள் பலர் இந்தச் சொல்லை ஏற்பதில்லை. ‘ஷோவா’ என்ற எபிரேயச் சொல்லையே சொல்வார்கள். பேரழிவு என்று பொருள். உரைகளில் இரண்டும் காதில் விழும். நாஜிகள் கொன்ற இன்னொரு இனத்தவரான ரோமா மக்கள் தங்களுக்கு நேர்ந்ததைப் ‘பொராய்மோஸ்’ என்கிறார்கள்.

அடுத்து, வதைமுகாமும் கொலைமுகாமும் ஒன்றல்ல. 1933 மார்ச்சில், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த இரண்டாவது மாதத்திலேயே திறந்த டாஹாவ், வதைமுகாம். அடைத்துவைத்து, வேலை வாங்கி, பட்டினி போட்டு, அடித்து, ஆயிரக்கணக்கானோரைச் சாகவிட்ட இடம். ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்ஜெட்ஸ், ஹெல்ம்னோ ஆகியவை கொல்வதற்கென்றே கட்டியவை. அங்கே ரயிலிலிருந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இல்லை. ஆஷ்விட்ஸும் மைதானெக்கும் இரண்டுமாக இருந்தன. ஆஷ்விட்ஸில் மட்டும் சுமார் 11 இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் யூதர்கள். இந்த ஆறு இடங்களும் ஜெர்மனி கைப்பற்றிய போலந்து மண்ணில் இருந்தன.

சினிமா நம்மை முகாம்களுக்கே கூட்டிப்போவதால் விட்டுப்போகும் ஒன்று உண்டு. கிழக்கே, இன்றைய உக்ரைன், பெலாரூஸ், லிதுவேனியா பக்கம் ஊர் ஓரத்துப் பள்ளங்களில் சுட்டே கொன்றார்கள். கீவ் நகரின் பாபின் யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் 33,771 யூதர்கள். இந்த எண் கொன்றவர்களே எழுதிவைத்த கணக்கு.

ஆண்டுகளில் இவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: 1935 நியூரம்பர்க் இனச் சட்டங்கள், 1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுக்கத் தொழுகைக்கூடங்கள் எரிந்தது, 1939 செப்டம்பர் போலந்துப் படையெடுப்பு, 1941 ஜூன் சோவியத் படையெடுப்பு, 1942 ஜனவரி 20 வான்சே கூட்டம், 1945 ஜனவரி 27 செம்படை ஆஷ்விட்ஸுக்குள் நுழைந்தது. பெர்லின் ஓரத்து வான்சேயில், யூதர்களை அழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைக்கக் கூடியவர்கள் 15 அதிகாரிகள். பேச்சு சுமார் ஒன்றரை மணி நேரம்தான் நடந்தது. அந்தக் கூட்டக் குறிப்பில் நாடுவாரியாக யூதர் எண்ணிக்கை போட்டு, மொத்தம் ஒரு கோடியே பத்து இலட்சம் என்று கூட்டியிருக்கிறார்கள்.

ஊர்ப் பெயர்களில் கவனம் வேண்டும். ஒரே ஊரை ஒருவர் லெம்பர்க் என்பார், ஒருவர் லுவூஃப் என்பார், ஒருவர் லிவிவ் என்பார். ஆஷ்விட்ஸின் போலிஷ் பெயர் ஓஷ்வியென்சிம். நான் முதன்முதலில் போன உரைக்கு நோட்டு எடுத்துப்போகவில்லை. வரைபடமும் பார்த்துவிட்டுப் போகவில்லை. பேசியவர் ஒரே ஊரைத்தான் இரண்டு பெயரில் சொல்கிறார் என்று தெரியாமல், இரண்டு ஊரில் நடந்த இரண்டு படுகொலைகள் என்றே நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அப்போதிருந்து, தலைப்பில் ஊர்ப் பெயர் இருந்தால் முந்தின நாளே வரைபடத்தில் அதைத் தேடிப் பார்த்துவிடுகிறேன்.

உரைகள் எங்கே நடக்கின்றன

ஜனவரி 27ஐப் பன்னாட்டு நினைவு நாளாக 2005 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. அதனால் ஜனவரி கடைசி இரண்டு வாரங்கள்தான் அறுவடைக் காலம். பல்கலைக்கழகம், நூலகம், அருங்காட்சியகம், சிறு திரையரங்கு என்று எங்கும் ஏதாவது நடக்கும். நவம்பர் 9ஐ ஒட்டியும் நடக்கும். இஸ்ரேலிலும் உலகெங்கும் யூதச் சமூகங்களிலும் எபிரேய நாட்காட்டிப்படி வரும் யோம் ஹஷோவா நினைவு நாள் ஏப்ரல் அல்லது மே தொடக்கத்தில் வரும்.

நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் ஊர்களிலேயே நல்ல இடங்கள் உண்டு. லண்டனில் ரஸ்ஸல் சதுக்கத்தில் இருக்கும் வீனர் ஹோலோகாஸ்ட் நூலகத்தை நான் முதலில் சொல்வேன். ஆல்ஃபிரட் வீனர் என்ற ஜெர்மானிய யூதர் நாஜிகளைப் பற்றிய சான்றுகளை 1933லேயே ஆம்ஸ்டர்டாமில் இருந்துகொண்டு சேர்க்கத் தொடங்கினார். 1938 நவம்பர் வன்முறை நடந்த சூட்டோடு 350க்கும் மேற்பட்ட நேரடி வாக்குமூலங்களைத் திரட்டினார். 1939இல் அந்தச் சேகரிப்பு லண்டனுக்கு வந்தது. பேரழிவு முடிந்து திரும்பிப் பார்த்துத் தொகுத்த இடமல்ல அது. நடந்துகொண்டிருக்கும்போதே எழுதிவைத்த இடம். அங்கே நடக்கும் உரைகளிலும் கண்காட்சிகளிலும் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் அந்தப் பழக்கம் தெரியும்.

பாரிஸில் மெமோரியல் த லா ஷோவா, பெர்லினில் வான்சே மாளிகை, வார்சாவில் போலின் அருங்காட்சியகம், டொராண்டோவில் 2023இல் திறந்த ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம், வாஷிங்டனில் 1993இல் திறந்த அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் என்று பட்டியல் நீளும். சென்னையில் இருப்பவர்கள் ஜெர்மன், பிரெஞ்சுப் பண்பாட்டு மையங்களின் நிகழ்ச்சி நிரலையும், திரைப்பட விழாப் பட்டியலையும் பார்த்து வரலாம். எதுவும் அருகில் இல்லை என்றால் கவலை வேண்டாம். ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம், வாஷிங்டன் அருங்காட்சியகம் இரண்டும் நிறைய உரைகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன.

நேரில் போகிறவர்கள் முன்பதிவு செய்துவிடுங்கள். கட்டணம் இல்லாத கூட்டத்துக்கும் பெயர் பதியச் சொல்வது வழக்கம். யூத நிறுவனங்களில் நடக்கும் கூட்டம் என்றால் வாசலில் பை சோதனை இருக்கும். அடையாள அட்டையுடன் இருபது நிமிடம் முன்னதாகவே போய்விடுவது நல்லது. சோதனைக்கு முகம் சுளிக்க வேண்டாம். அவர்கள் பாதுகாப்பு தேடுவதற்குக் காரணம் அந்தக் கூட்டத்தின் தலைப்பிலேயே இருக்கிறது.

எந்த உரைக்கு எதை எதிர்பார்ப்பது

தப்பிப் பிழைத்தவர் ஒருவர் தம் கதையைத் தாமே சொல்லும் கூட்டம் கிடைத்தால், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். இன்று உயிரோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் அன்று குழந்தைகள். பத்தாண்டு கழித்து இந்த வாய்ப்பு மிக அரிதாகிவிடும். அங்கே வரலாற்றுப் பாடத்தை எதிர்பார்க்காதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை எதைப் பார்த்ததோ அதைத்தான் அவர் சொல்வார். ஒரு தேதி முன்பின்னாக இருக்கலாம். அது பொய் ஆகாது. ரொட்டித்துண்டை எங்கே ஒளித்துவைத்தார் என்பதில் அவருக்குப் பிசகு இருக்காது.

வரலாற்றாசிரியர் உரை வேறு வகை. ஒரு ரயில் அட்டவணை, ஒரு ஊராட்சிப் பதிவேடு, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் என்று சின்ன ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ‘ஹோலோகாஸ்ட்: ஓர் அறிமுகம்’ என்ற தலைப்பைவிட, ஒரே தெருவைப் பற்றிய உரை அதிகம் சொல்லித்தரும்.

மூன்றாவது, படம் முடிந்ததும் நடக்கும் கலந்துரையாடல். இது எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யும் என்பதற்கு மேற்கு ஜெர்மனியே சாட்சி. ‘ஹோலோகாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை 1979 ஜனவரியில் அங்கே ஒளிபரப்பினார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வரலாற்றாசிரியர்கள் நேரலையில் உட்கார்ந்து நேயர்களின் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் தொலைபேசி அழைப்புகள் வந்தன. தொடர் மலினமானது என்று, ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்து வந்த எழுத்தாளர் எலி வீசல் கடுமையாக எழுதியிருந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பெற்றோரிடம் கேட்காத கேள்விகளை ஒரு தலைமுறை அந்த வாரம் கேட்டது. அதே ஆண்டு ஜூலையில், கொலைக் குற்றத்துக்கான கால வரம்பை மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றம் நீக்கியது. நாஜிக் கொலையாளிகளை எத்தனை ஆண்டு கழித்தும் கூண்டில் ஏற்ற முடிந்தது அதனால்தான். ‘ஹோலோகாஸ்ட்’ அந்த ஆண்டின் ஜெர்மன் சொல்லாகவும் தேர்வானது.

கேள்வி நேரம்

தயங்காமல் கேளுங்கள். ஆனால் யாரிடம் எதைக் கேட்பது என்று ஒன்று இருக்கிறது.

‘ஏன் எதிர்த்துப் போராடவில்லை?’, ‘ஏன் முன்பே நாட்டைவிட்டுப் போகவில்லை?’ இந்த இரண்டும் எல்லாக் கூட்டத்திலும் யாராவது கேட்கும் கேள்விகள். பிழைத்து வந்தவரிடம் இதைக் கேட்காதீர்கள். கேட்கும் விதத்திலேயே குற்றச்சாட்டாகிவிடும். வரலாற்றாசிரியரிடம் தாராளமாகக் கேட்கலாம். பதில் தெரிந்து போவது இன்னும் நல்லது. எதிர்த்தார்கள்: யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவில் 1943 ஏப்ரல் 19இல் தொடங்கிய எழுச்சி ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் ட்ரெப்ளிங்காவிலும் அக்டோபரில் சோபிபோரிலும் கைதிகள் கிளர்ந்தார்கள். வெளியேறப் பார்த்தார்கள்: 1938 ஜூலையில் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகள்பால் இரக்கம் தெரிவித்தன, அநேகமாக எல்லா நாடுகளும் கதவைத் திறக்க மறுத்தன. 1939இல் செயின்ட் லூயிஸ் கப்பலில் போன 937 பேரைக் கியூபா இறங்கவிடவில்லை, ஒரு சிலரைத் தவிர. அமெரிக்காவும் ஏற்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அந்தப் பயணிகளில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள்.

பிழைத்தவரிடம் கேட்கச் சின்னச் சின்னக் கேள்விகளே நல்லவை. அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள்? அம்மா என்ன மொழியில் பேசுவார்? போருக்குப் பிறகு முதல் வேலை எது? அவர் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்ப்பீர்கள்.

இன்னொன்றையும் மனதிலிருந்து சொல்ல வேண்டும். இனப்படுகொலை என்பது நம்மில் பலருக்குப் புத்தகச் சொல் மட்டும் அல்ல. ஈழத்திலிருந்து வந்த நண்பர் ஒருவரோடு ஒரு படத்துக்குப் போயிருந்தேன். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு ரயில் வரும்வரை நடைமேடையில் நின்றோம். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒரு குரூப் போட்டோ எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். உங்களுக்கும் அப்படி ஒரு துயரம் இருந்தால் அதைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. எழுந்து போகத் தோன்றினால் போங்கள். ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். ஆனால் கேள்வி நேரத்தில், ‘அதுவா இதுவா, எது பெரிது’ என்று எடை போடும் பேச்சைத் தொடங்காதீர்கள். இரண்டு பக்கத்து இறந்தவர்களுக்கும் அது மரியாதை இல்லை.

இரண்டாவது படம், மூன்றாவது படம்

நஷெல்ஸ்கைப் பார்த்தாகிவிட்டது. அடுத்து ஒரு வாரம் கழித்து ‘நைட் அண்ட் ஃபாக்’. அலன் ரெனே 1955இல் எடுத்த பிரெஞ்சுப் படம், 32 நிமிடம்தான். உரையை எழுதிய ழான் கெரோல் தாமே மௌத்தவுசன் முகாமிலிருந்து பிழைத்து வந்த கவிஞர். பத்தாண்டில் புல் முளைத்துவிட்ட முகாம் வண்ணத்தில் வரும். பழைய காட்சிகள் கறுப்பு வெள்ளையில் வரும். கடைசிப் பத்து நிமிடம் மிகக் கடினமானது, தெரிந்தே உட்காருங்கள். இந்தப் படத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்வேன். ஒன்று, யூதர் என்ற சொல் அநேகமாக வருவதே இல்லை. ஒரே ஒரு முறை காதில் விழும். 1950களில் ஐரோப்பா இதை எப்படிப் பேசியது என்பதற்கு அந்த மௌனமே சான்று. இரண்டாவது, பிரான்சு மண்ணில் இருந்த முகாம் ஒன்றின் புகைப்படத்தில் காவல் நிற்பவர் தலையில் பிரெஞ்சுக் காவலர் தொப்பி. தணிக்கைக்காரர்கள் அதை மறைக்கச் சொன்னார்கள். தொப்பி மேல் ஒரு கட்டை வரைந்து மறைத்துத்தான் அன்று படத்தை வெளியிட்டார்கள்.

மூன்றாவதாக யேல் ஹெர்சான்ஸ்கியின் ‘எ ஃபிலிம் அன்ஃபினிஷ்ட்’, 2010. என் கேள்விக்கு முழுப் பதில் இதில் இருக்கிறது. 1942 மே மாதம் வார்சா கெட்டோவுக்குள் ஒரு ஜெர்மன் பிரசாரப் படக்குழு நுழைந்து படம் எடுத்தது. ஒலி இல்லாத அந்தச் சுருள்கள் போருக்குப் பின் கிடைத்தன. பல ஆண்டுகள் ஆவணப்பட இயக்குநர்கள் அதிலிருந்து துண்டுகளை எடுத்து, ‘கெட்டோ வாழ்க்கை இப்படி இருந்தது’ என்று காட்டிவந்தார்கள். 1998இல் இன்னொரு சுருள் கிடைத்தது. அதில் ஒரே காட்சி இரண்டு மூன்று முறை வருகிறது. நல்ல உடை போட்டவர்களைக் கடை வாசலில் நிறுத்தி, பசியில் கிடக்கும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொல்கிறார்கள். சரியாக வரவில்லையென்று மறுபடி நடக்கவைக்கிறார்கள். பணக்கார யூதர்கள் ஏழை யூதர்களைச் சாகவிட்டார்கள் என்று காட்டுவதற்காக. கெட்டோ நிர்வாகத் தலைவர் ஆடம் செர்னியாகோவ் நாட்குறிப்பில் இந்தப் படப்பிடிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். படக்குழு வந்துபோய் இரண்டு மாதத்தில், ஜூலை 22 அன்று, ட்ரெப்ளிங்காவுக்கு ரயில்கள் கிளம்பத் தொடங்கின. மறுநாள் செர்னியாகோவ் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் கெட்டோவில் சிறுவயதில் இருந்தவர்கள் சிலர் இருட்டான திரையரங்கில் தனியாக அமர்ந்து இந்தக் காட்சிகளைப் பார்ப்பதையும் ஹெர்சான்ஸ்கி காட்டுகிறார். தெரிந்த முகம் யாராவது வந்துவிடுமோ என்று அவர்கள் தேடுவதை ஒருமுறை பார்த்தவர்கள், பிறகு எந்தப் பழைய காட்சியையும் வெறும் ஆதாரமாகப் பார்க்க மாட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆஷ்விட்ஸ் முகாமின் ஒரு பகுதியான பிர்கனாவில், பிணங்களை எரிக்க நிர்ப்பந்திக்கப்பட்ட சோண்டர்கமாண்டோ கைதிகள் 1944 ஆகஸ்டில் ரகசியமாக நான்கு புகைப்படங்கள் எடுத்தார்கள். படச்சுருளைப் பற்பசைக் குழாயில் ஒளித்து வெளியே அனுப்பினார்கள். சாய்ந்தும் மங்கியும் இருக்கும் படங்கள் அவை. ஒன்றில் மரக்கிளைகளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. குறி பார்க்கக்கூட நேரம் இல்லை. வார்சாவில் இமானுவேல் ரிங்கல்பிளம் தலைமையில் ஒரு குழு கெட்டோ வாழ்வைத் தாளில் எழுதித் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டுப் புதைத்தது. 1946இல் ஒரு பகுதியும் 1950இல் இன்னொரு பகுதியும் தோண்டியெடுத்தார்கள். மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. இந்த இரண்டில் எதைப் பற்றி உரை நடந்தாலும் தவறவிடாதீர்கள்.

ஒன்பதரை மணி நேரம்

க்ளோட் லான்ஸ்மானின் ‘ஷோவா’, 1985. நீளத்தைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். படமே இரண்டு பாகமாக இருக்கிறது. இரண்டு வார இறுதிகளில், ஒவ்வொரு பாகத்தையும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். திரையரங்கில் போட்டால் ஒரு பாகத்துக்காவது போய்விடுங்கள். வீட்டில் கை தானாகச் செல்போனுக்குப் போகும்.

பழைய காட்சி ஒன்றுகூட இதில் இல்லை. கொலைகாரர்களின் கேமராவைத் தொடுவதில்லை என்று லான்ஸ்மான் முடிவெடுத்தார். இன்றைய காடு, இன்றைய தண்டவாளம், பேசும் மனிதர்கள். போலந்து விவசாயி பேசுவார், மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொல்வார், அதற்கு அப்புறம்தான் நமக்கு எழுத்தில் வரும். அந்தக் காத்திருப்பு முதலில் எரிச்சலாக இருக்கும். மொழிபெயர்ப்பு வருவதற்கு முன் பேசியவரின் முகத்தைப் பார்க்க நமக்குக் கிடைக்கும் நேரம் அது.

ஆபிரகாம் போம்பா வரும் பகுதியை மட்டுமாவது சொல்கிறேன். ட்ரெப்ளிங்காவில் நச்சுவாயு அறைக்குள் போகும் பெண்களுக்கு முடிவெட்ட வைக்கப்பட்டவர். லான்ஸ்மான் அவரை இஸ்ரேலில் ஒரு சலூனில் நிற்கவைத்துப் பேசவைக்கிறார். சுற்றிலும் கண்ணாடி. நாற்காலியில் ஒருவர். போம்பாவின் கத்தரி முடிமேல் ஓடிக்கொண்டே இருக்கிறது, பேச்சும் நிதானமாக ஓடுகிறது. கூட வேலை செய்த ஒரு நாவிதரின் மனைவியும் சகோதரியும் அந்த அறைக்குள் வந்த நாளைச் சொல்ல வாயெடுக்கிறார். பேச்சு நின்றுவிடுகிறது. துண்டால் முகத்தைத் துடைக்கிறார், உதட்டைக் கடிக்கிறார், முடியாது என்கிறார். லான்ஸ்மான் விடவில்லை, சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். கேமராவும் நகரவில்லை. ஒரு மனிதரை இப்படி வற்புறுத்தலாமா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. எனக்கும் அந்த இடத்தில் உறுத்தல் உண்டு. அந்தச் சாட்சியம் இல்லாமல் போயிருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது என்பதும் உண்மை. பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். படத்தில் சேராத நீண்ட பேட்டிகளை வாஷிங்டன் அருங்காட்சியகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

கதைப் படங்கள்

இவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ பார்க்க வேண்டிய படம்தான். 1994இல் ஸ்பீல்பெர்க் தொடங்கிய ஷோவா அறக்கட்டளையில் இன்று 55,000க்கும் மேற்பட்ட காணொளிச் சாட்சியங்கள் இருப்பது அதன் வழி வந்த பெரும் கொடை. ஆனால் அது பிழைத்தவர்களின் கதை. பிழைத்தது விதிவிலக்கு. ‘சன் ஆஃப் சவுல்’ ஒரே மனிதனின் தோளுக்குப் பின்னாலேயே போகும். சுற்றி நடப்பது மங்கலாகவே இருக்கும். ‘த ஸோன் ஆஃப் இன்டரஸ்ட்’ படத்தைக் கண்ணைவிடக் காதால் பாருங்கள். ஆஷ்விட்ஸ் தளபதி வீட்டுத் தோட்டத்தில் பூக்கள், மதிலுக்கு அப்பாலிருந்து சத்தம் மட்டும். நல்ல ஹெட்ஃபோன் அல்லது திரையரங்கு இல்லாமல் அதைப் பார்ப்பது வீண்.

‘த பாய் இன் த ஸ்ட்ரைப்ட் பஜாமாஸ்’ படத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். முகாம் தளபதியின் மகனும் வேலிக்கு உள்ளே அடைபட்ட யூதச் சிறுவனும் நண்பர்களாகும் கதை அது. படத்துக்கு மூலமான கதைப் புத்தகத்தை இந்த வரலாற்றைப் படிப்போரும் கற்பிப்போரும் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020இல் சொன்னது. அந்த வயதுப் பிள்ளைகளைப் பெரும்பாலும் வந்திறங்கிய அன்றே கொன்றார்கள். வேலியோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க அங்கே இடமில்லை. படம் முடியும்போது நாம் அழுவது தளபதியின் மகனுக்காக என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில், வாஷிங்டன் அருங்காட்சியகம் தன் முதன்மைக் கண்காட்சியை 11 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே பரிந்துரைக்கிறது. வீட்டிலும் அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

மறுப்பவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ‘டினையல்’ பாருங்கள். நடந்ததை மறுக்கும் டேவிட் இர்விங், தம்மை அப்படிச் சொன்ன அமெரிக்க வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். ஆங்கிலச் சட்டப்படி நிரூபிக்க வேண்டிய பொறுப்பு லிப்ஸ்டாட் தரப்பின்மேல் விழுந்தது. பிழைத்தவர்களைக் கூண்டில் ஏற்றி இர்விங் குறுக்கு விசாரணை செய்ய விடுவதில்லை என்று லிப்ஸ்டாட்டின் வழக்கறிஞர்கள் முடிவெடுத்து, ஆவணங்களையும் வரலாற்றாசிரியர்களின் சாட்சியத்தையும் வைத்து 2000 ஏப்ரலில் வென்றார்கள். கூட்டத்தில் யாராவது எழுந்து எண்ணிக்கை மிகை என்று பேசினால் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். மேடையில் இருப்பவருக்கு அந்த ஆவணங்கள் தெரியும்.

வீடு திரும்பிய பிறகு

ஒரே வாரத்தில் இரண்டு படத்துக்கு மேல் வேண்டாம். இரவு தாமதமாகத் தனியாகப் பார்க்க வேண்டாம். பார்த்த அன்றே நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எந்த ஊர், யார் பேசினார், கேமரா யார் கையில் இருந்தது.

பெர்லின், ஆம்ஸ்டர்டாம் பக்கம் போனால் நடைபாதையைக் குனிந்து பாருங்கள். பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடு பதித்த கற்கள் இருக்கும். ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, எங்கே கொண்டுபோகப்பட்டார் என்று நாலு வரி. குன்டர் டெம்னிக் தொடங்கிய வேலை. ஐரோப்பா முழுக்க ஒரு இலட்சம் கற்களைத் தாண்டிவிட்டது. நவம்பர் 9 அன்று அந்தந்தத் தெருக்காரர்கள் முட்டி போட்டு உட்கார்ந்து துணியால் அவற்றைத் துலக்குவார்கள்.

எங்கும் போக முடியாதவர்களுக்கு யாத் வஷேமின் பெயர்த் தொகுப்பு இணையத்தில் திறந்தே இருக்கிறது. 48 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றில் பல, உறவினர்களோ ஊர்க்காரர்களோ ஒரு தாளில் கையால் நிரப்பிக் கொடுத்தவை: அப்பா பெயர், அம்மா பெயர், தொழில், போருக்கு முன் இருந்த ஊர், கீழே நிரப்பியவரின் கையெழுத்து. ஊரைக் கேட்கும் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் நஷெல்ஸ்க் (Nasielsk) என்று போட்டுத் தேடுங்கள். எழுத்துக்கூட்டலில் ‘ஷ’ ஒலிக்கு எச் வராது, எஸ்-ஐ என்று வரும்.